குடும்ப ஆவணங்கள்: சாவி யாரிடம் இருக்கிறது?



2023 டிசம்பர் மழையைத் தூத்துக்குடி மாவட்டத்தார் எளிதில் மறக்க மாட்டார்கள். டிசம்பர் 18 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பதிவானது. இம்மாவட்டத்தில் ஓராண்டு முழுவதும் சராசரியாகப் பெய்யும் மழையைவிட அது அதிகம். வெள்ளம் வடிந்தபின் வீதியெங்கும் மெத்தைகளும் அரிசி மூட்டைகளும் கிடந்தன. மொட்டை மாடிகளிலோ வேறொரு காட்சி. கிரையப் பத்திரங்கள், மதிப்பெண் சான்றிதழ்கள், நிகாஹ் பதிவின் நகல்கள் எல்லாம் கல் வைத்துக் காயப் போடப்பட்டிருந்தன. மெத்தை போனால் வேறு வாங்கலாம். பத்திரம் போனவர்களின் முகத்தில் இருந்த கலக்கம் வேறு வகையானது.

எங்கள் வீட்டிலும் இடுப்பளவு தண்ணீர் நின்றது. வாப்பா அதற்கு முந்தைய ஆண்டுதான் அல்லாஹ்வின் அழைப்பை ஏற்றுச் சென்றிருந்தார்கள். அவர்களுடைய காகிதங்கள் அனைத்தும் பீரோவின் கீழ்த்தட்டில், துணிப்பையில் கட்டியபடியே இருந்தன. முத்திரைத்தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. அவற்றைப் பிரித்துச் செய்தித்தாள்களுக்கு நடுவே வைத்து உலர்த்தவே இரண்டு வாரம் ஆயிற்று. மைப்பேனாவால் எழுதியவை பெரும்பாலும் கரைந்து நீலக் கறையாகிவிட்டன. பென்சிலால் எழுதியவை பிழைத்தன. அப்படிப் பிழைத்தவற்றுள் ஒன்று வாப்பும்மாவின் கணக்கு நோட்டு. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

காய்ந்தவற்றையெல்லாம் ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துக் கைப்பேசியால் படமெடுத்து, கூகுள் டிரைவில் சேர்க்கத் தொடங்கினேன். மதரஸாவில் மாலை வகுப்பு முடிந்து இஷாவுக்குப் பின் கிடைக்கும் நேரத்தில் மட்டுமே செய்ததால் மூன்று மாதங்கள் பிடித்தன. படமெடுப்பது எளிது. பெயரிடுவதில்தான் வேலை இருக்கிறது. கைப்பேசி தானே சூட்டும் எண்களை அப்படியே விட்டுவிட்டால், ஐந்நூறு படங்களுக்கிடையே ஒரு பட்டாவைத் தேடி எடுப்பது இயலாத காரியம். ஹதீஸ் பாடத்தில் மாணவர்களுக்கு நாங்கள் முதலில் கற்பிப்பது, மத்தனுக்கு முன் ஸனது என்பதைத்தான். செய்தி எவ்வளவு அழகாயிருந்தாலும் யார் வழியாக வந்தது என்று தெரியாவிட்டால் அதன் தரத்தைச் சொல்ல முடியாது. காகிதங்களுக்கும் அதையே கடைப்பிடித்தேன். கோப்பின் பெயரில் முதலில் ஆண்டு, அடுத்து ஆவணத்தின் வகை, பிறகு யாருடையது, இறுதியில் அசல் இப்போது எங்கே இருக்கிறது என்பது. ஆண்டு முதலில் வந்தால் கோப்புகள் தாமாகவே வரிசையில் நிற்கும். அசல் இருக்குமிடத்தைக் குறிப்பதைப் பலர் வேண்டாத வேலை என்பார்கள். என் கருத்தில் அதுவே முதன்மையானது. ஏனெனில் நாம் படமெடுத்துச் சேமிப்பது நகல் மட்டுமே. கிரையப் பத்திரத்தின் படத்தை எந்த வங்கியும் அடமானமாக ஏற்காது.

இந்த இடத்தில் டிஜிலாக்கர் பற்றி ஒரு விளக்கம் தேவைப்படுகிறது. மத்திய அரசு 2015இல் தொடங்கிய இந்தச் சேவையில் இரு பகுதிகள் உள்ளன. ஓட்டுநர் உரிமம், பள்ளி மதிப்பெண் சான்றிதழ் போன்றவற்றை உரிய துறையே நேரடியாக வழங்குவது ஒரு பகுதி. அவற்றை அசலுக்கு நிகராகக் கருத வேண்டுமென 2016ஆம் ஆண்டின் விதிகள் கூறுகின்றன. நாமே படமெடுத்து ஏற்றி வைப்பது மற்றொரு பகுதி. அதற்கு அந்தத் தகுதி இல்லை. இரண்டும் ஒரே செயலியில் இருப்பதால் மக்கள் குழம்புகிறார்கள். அதோடு, கணக்கு ஆதாருடன் இணைந்த கைப்பேசி எண்ணைச் சார்ந்தது. வளைகுடாவுக்குப் போன நம் சகோதரர்களில் எத்தனை பேருடைய ஊர் எண் ரீசார்ஜ் செய்யப்படாமல் செத்துப்போயிருக்கிறது! கடவுச்சொல் மறந்தால், யாரும் எடுக்காத அந்த எண்ணுக்கே ஓடிபி போகும்.

ஆனால் நான் எழுத வந்தது தொழில்நுட்பத்தைப் பற்றியல்ல.

எங்கள் மஹல்லாவில் ஒரு சகோதரர் வெளிநாட்டில் நெடுங்காலம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். எதிலும் ஒழுங்கு மிக்கவர். காப்பீடு, வைப்புத்தொகை, கொடுத்த கடன், வாங்கிய கடன் ஒவ்வொன்றையும் இணையத்தில் அழகாக அடுக்கி வைத்திருந்தார். ஒருநாள் சுபுஹுக்குப் பின் மாரடைப்பில் காலமானார். கைப்பேசி அவருடைய விரல்ரேகைக்கு மட்டுமே திறக்கும். மனைவிக்குக் கணவரின் கணக்கு எந்த வங்கியில் இருந்தது என்பதுகூடத் தெரியவில்லை. இத்தா நான்கு மாதம் பத்து நாள் முடியும்வரை அந்தப் பெண்மணி எங்கும் அலைய முடியாத நிலையில் இருந்தார்கள். ஏழாம் வகுப்பு படிக்கும் மகன்தான் ஒவ்வொரு வாசலாகப் போய் நின்றான். பழைய இரும்புப் பெட்டியாக இருந்திருந்தால் கொல்லரைக் கூப்பிட்டுப் பூட்டை உடைத்திருக்கலாம்.

கடனை எழுதி வைக்கக் கட்டளையிடும் வசனம்தான் (2:282) குர்ஆனிலேயே மிக நீண்டது. சிறியதோ பெரியதோ, எழுதுவதில் சலிப்படைய வேண்டாம் என்று அது அறிவுறுத்துகிறது. மரண சாசனம் செய்யவேண்டிய பொருளுள்ளவர், அதை எழுதி வைக்காமல் இரண்டு இரவுகளைக் கழிப்பது தகாது என்ற நபிமொழி புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. எழுதுவதன் நோக்கம், எழுதியவர் இல்லாதபோதும் உரியவர் படிக்க வேண்டும் என்பதல்லவா?

நம் வீடுகளில் ஆவணங்கள் ஆண்களின் காரியமாகவே கருதப்படுகின்றன. பெண்மக்களுக்கு வீடு கொடுக்கும் வழக்கமுள்ள காயல்பட்டினம் போன்ற ஊர்களிலும், தம் பெயரிலுள்ள பத்திரத்தை ஒருமுறையேனும் படித்துப் பார்த்த பெண்கள் எத்தனை பேர் என்று கேட்டுப் பாருங்கள். யமாமா போரில் குர்ஆனை மனனம் செய்தோர் பலர் ஷஹீதானபின், அபூபக்ர் (ரலி) அவர்களின் ஆணைப்படி ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்கள் தொகுத்த ஏடுகள் யாரிடம் இருந்தன? அபூபக்ர் (ரலி) அவர்களுக்குப் பின் உமர் (ரலி) அவர்களிடம், அவர்களுக்குப் பின் அவர்களுடைய மகளார் ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம். உஸ்மான் (ரலி) அவர்கள் பிரதிகள் எடுக்க அவர்களிடம் கேட்டுத்தான் வாங்கினார்கள், பணி முடிந்ததும் அவர்களிடமே திருப்பி அனுப்பினார்கள். உம்மத்தின் ஆக உயர்ந்த ஆவணம் ஒரு பெண்மணியின் பொறுப்பில் இருந்தது.

ஆகவே கோப்புறையை உம்மா, என் மனைவி, இரு தங்கைகள், தம்பி ஆகிய அனைவரும் திறக்குமாறு பகிர்ந்தேன். குறிப்பிட்ட காலம் நம் கணக்கு பயன்படாமல் இருந்தால், நாம் நியமித்தவருக்குத் தகவலும் கோப்புகளும் போகும்படி கூகுளில் ஓர் ஏற்பாடு இருக்கிறது. குறைந்தது மூன்று மாதம், அதிகம் பதினெட்டு மாதம் என்று நாமே தீர்மானிக்கலாம். அதில் என் மனைவியின் பெயரைக் கொடுத்தேன். இணையத்தில் வைத்தால் திருட்டுப் போகாதா என்று உம்மா கேட்டார்கள். நியாயமான கேள்விதான். இரண்டடுக்குப் பாதுகாப்பை வைத்திருக்கிறேன். வாட்ஸ்அப் குழுக்களில் ஆதார் நகலைக் கூச்சமின்றி அனுப்பும் வழக்கத்தைவிட இது எவ்வளவோ மேல்.

இனி, வாப்பும்மாவின் நோட்டு. அது முழுக்க அரபுத்தமிழில் எழுதப்பட்டது. எழுத்து அரபி, மொழி தமிழ். படத்திலுள்ள எழுத்தைப் படித்துத் தரும் கருவிகளுக்கு அது பிடிபடவில்லை. தமிழின் ஒலிகளுக்காகக் கூடுதல் புள்ளியிட்ட எழுத்துகளைப் பார்த்து, பொருளற்ற அரபியை அள்ளிக் கொட்டின. எனவே பக்கம் பக்கமாக நானே படித்துத் தமிழ் எழுத்தில் பெயர்த்து, படத்தோடு சேர்த்து வைத்தேன். பால் கணக்கு, வட்டில் விற்ற கணக்கு, பக்கத்து வீட்டுக்குக் கொடுத்த நெல். இடையே ஹிஜ்ரி 1389 என்று தேதியிட்ட ஒரு வரி. வடக்கு மனை வாங்கியபோது பணம் போதாமல், மகளின் ஆறு பவுன் சங்கிலியை விற்றுச் சேர்த்ததாகவும், அதைத் திருப்பித் தர வேண்டும் என்றும் அதில் இருந்தது.

அந்த மகள் என் மாமி, வாப்பாவின் ஒரே சகோதரி. வடக்கு மனை இன்றும் பாட்டனார் பெயரில் பாகம் பிரியாமல் கிடக்கிறது. மாமியின் பங்கும் கொடுக்கப்படவில்லை. மார்க்கத்தில் வரிசை தெளிவானது. முதலில் கடன், அடுத்து வஸிய்யத், அதன்பிறகே வாரிசுகளின் பங்கு.

கோப்புறையில் அந்தப் பக்கத்தைப் பார்த்த தம்பி துபாயிலிருந்து அழைத்தான். “காக்கா, இதை ஏன் எல்லோரும் பார்க்கிற இடத்தில் வைத்தீர்கள்? ஐம்பது வருஷத்துக்கு முந்திய கதை. மாமியே மறந்திருப்பார்கள். எடுத்துவிடுங்கள்” என்றான். கோபத்தோடு சொல்லவில்லை. அந்த மனையில் வீடு கட்ட அவன் பல ஆண்டுகளாகச் சேமித்து வருகிறான். கடனா அன்பளிப்பா என்று மாமியிடமே கேட்டுவிடுவோம், ஆனால் பக்கத்தை நீக்க மாட்டேன் என்று சொன்னேன். வெகுநேரம் பேசாமல் இருந்தான். பிறகு, “சரி, நீங்களே போய்க் கேளுங்கள்” என்று அழைப்பை முடித்துக்கொண்டான்.

மறுநாள் அஸருக்குப் பின் மாமி வீட்டுக்குப் போனேன். நான் படித்துக் காட்டலாம் என்று தொடங்கியபோது, “கொடு மருமவனே” என்று கைப்பேசியை வாங்கிக்கொண்டார்கள். தமிழ் எழுத்து மாமிக்குத் தெரியாது. அரபுத்தமிழ் வாப்பும்மா கற்றுக் கொடுத்தது. விரலால் படத்தைப் பெரிதாக்கக் காட்டிக் கொடுத்தேன். உதடு அசைய, ஒவ்வொரு சொல்லாகப் படித்தார்கள். சங்கிலி வரி வந்ததும் நின்று, மறுபடி முதலிலிருந்து படித்தார்கள்.

“உம்மா எழுதி வச்சிருக்காங்களா?” என்று மட்டும் கேட்டார்கள். கடனா, ஹலாலாக்கி விட்டதா என்ற என் கேள்விக்கு, பிள்ளைகளோடு பேசிவிட்டுச் சொல்வதாகப் பதில் வந்தது. பாகப்பிரிவினைப் பேச்சு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. ரமழானில் ஊருக்கு வரும் தம்பியும் அமர்ந்து பேசுவான், இன்ஷா அல்லாஹ். அன்று புறப்படுமுன், மாமி கேட்டுக்கொண்டபடி, கல்லூரியில் படிக்கும் அவர்களுடைய பேத்தியின் மின்னஞ்சலையும் கோப்புறையில் சேர்த்தேன். நான் செருப்பை மாட்டும்போதும் மாமி பால் கணக்கைப் படித்துக்கொண்டிருந்தார்கள்.