அட்சதை விழும் க்ஷணம்

சீர்காழியில் சட்டைநாதர் ஆலயத்தை அடுத்த தெருவொன்றில், குறுகலான மாடிப்படி ஏறிச் சேரும் சிறிய அறையில், வைகாசி முகூர்த்தப் படங்களெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் காத்திருக்க, எடியஸ் என்னும் மென்பொருளில் ‘மிக்சிங்’ செய்து ஜீவிக்கும் இளைஞர் ஒருவரின் அருகில் ஒரு பிற்பகல் முழுவதும் உட்கார்ந்திருந்தேன். வெட்டுவதும் ஒட்டுவதும் பாட்டுச் சேர்ப்பதுமே இத்தொழிலின் சாரம் என்று நினைப்போர் பலர்; அவையெல்லாம் முடிந்தபின், படத்தைச் சுருக்கி ஃபைலாக எழுதும் ‘ரெண்டர்’ போடும் கட்டத்திலேதான் அவருடைய சாமர்த்தியம் முழுவதும் எனக்குப் புலப்பட்டது.

1920-க்கு 1080 என்ற அளவுள்ள ஒரு ஃபிரேமில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட புள்ளிகள். புள்ளிக்கு 3 பைட். விநாடிக்கு 25 ஃபிரேம். சுருக்காமல் வைத்தால் ஒரு மணி நேரப் படம் ஏறக்குறைய 560 ஜிபி ஆகும். அதை நாலைந்து ஜிபியில் அடக்கும் வித்தை, 2003-இல் நிர்ணயமான எச்.264 என்னும் முறை. முந்தின ஃபிரேமில் இருந்த பந்தல் தூணும் ஜமக்காளமும் அடுத்ததிலும் அப்படியே இருக்குமானால், அவற்றை மறுபடி எழுதாமல் மாறிய பாகத்தை மட்டும் குறித்துக்கொள்வது அதன் தந்திரம். எஞ்சியதைச் சுருக்கும் கணிதமோ, பெங்களூரில் பிறந்த நசீர் அகமது என்பார் நடராஜன், ராவ் ஆகியோருடன் 1974-இல் வெளியிட்ட கொசைன் உருமாற்றத்தின் வழிவந்தது.

வரவேற்பு மேடையில் தம்பதிகள் அசையாமல் நிற்கும் காட்சி எத்தனை நேரம் நீண்டாலும் கணினிக்குச் சுலபம். ஆனால் ஹோமப் புகையும், தாலி கட்டும் க்ஷணத்தில் நாலா பக்கமிருந்தும் பொழியும் அட்சதையும் ஃபிரேமுக்கு ஃபிரேம் மாறுவதால், முந்தினதிடம் இரவல் வாங்க ஏதுமின்றிப் படம் கட்டம் கட்டமாகச் சிதறுகிறது. குடும்பத்தார் ஆயுளெல்லாம் பார்க்கப்போகும் அந்த ஒரு நிமிஷமே யந்திரத்துக்கு மிகக் கடினம்! “அட்சதை போடுற எடத்துலதான் சார் பிக்சல் உடையும்” என்றார் அவர். ஆகவே, முதல் ஓட்டத்தில் படம் முழுவதையும் ஆராய்ந்து, இரண்டாம் ஓட்டத்தில் அசைவு மிகுந்த இடத்துக்குத் தாராளமாகவும் மற்ற இடங்களுக்குச் சிக்கனமாகவும் விநாடிக்கு ஒதுக்கும் தரவின் அளவான பிட்ரேட்டைப் பங்கிடும் முறையை, நேரம் ஏறத்தாழ இரட்டிப்பானாலும், அவர் விடுவதில்லை. 2023 மே 24-இல் நடந்த சட்டைநாதர் கும்பாபிஷேகத்தில் ஜனத்திரள் அலைமோதிய துண்டொன்றை எனக்கு இருவிதமாகவும் போட்டுக் காட்டினார். சிக்கனமாகச் செய்ததில் முகங்களெல்லாம் மெழுகுபோல் வழிந்திருந்தன.

பெரியவர்கள் டிவியில் செருகும் பென் டிரைவ்களில் பல ஃபாட்32 என்ற பழைய அமைப்பில் இருப்பதால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஃபைலை ஏற்பதில்லை. ஆதலால் நலங்கு, முகூர்த்தம், வரவேற்பு என்று பாகம் பிரித்தே எக்ஸ்போர்ட் செய்கிறார். மின்சாரம் தடைப்பட்டால் பாதி எழுதிய ஃபைல் பெரும்பாலும் திறவாது. யுபிஎஸ் இன்றி அவர் ரெண்டரில் கைவைப்பதில்லை.

அப்போது பெண்ணின் தகப்பனார் ஒருவர் படியேறி வந்தார்.

“ஒரு பட்டனைத் தட்டினா வந்துடாதா தம்பி?”

“வரும் ஐயா. அட்சதை கட்டம் கட்டமாத் தெரிஞ்சா பரவாயில்லைங்களா?”

அவர் சிறிது யோசித்து, மறுநாள் வருவதாக ஒப்புக்கொண்டார். கூலியில் ஏதேனும் குறைக்கவேண்டும் என்பதையும் படியிறங்கும்போது சொல்லத் தவறவில்லை.