குறைஞ்ச விலைக்கு அடிச்ச பெயின்ற்

எங்கள் வாசிகசாலைக்குப் பெயின்ற் அடிக்க மூன்று பேரிடம் விலை கேட்டோம். ஊர்ச் சனம் சேர்த்துத் தந்த காசு. குறைஞ்ச விலைக்குக் குடுத்தால் ஒருத்தரும் கேள்வி கேட்கமாட்டினம் எண்டு நினைச்சோம். நாலு நாளில் வேலை முடிஞ்சுது. சுவர் பளபளத்தது. படம் எடுத்துப் போட்டோம்.

கார்த்திகை மழையோடு பின்சுவர் பொருக்கு விடத் தொடங்கியது. ஒரு பொருக்கைப் பிய்த்துப் பார்த்தால் உள்ளே பழைய பூச்சு, அதற்குப் பின்னால் ஈரம். சுரண்டவும் இல்லை, பிறைமர் அடிக்கவும் இல்லை. ஆனால் பிழை அவரில் மட்டுமில்லை. விலைத்தாளில் இருந்தது ஒரேயொரு வரி: 'மண்டபம் பெயின்ற் அடிக்க.' இதை வைத்து என்ன நியாயம் கேட்கிறது?

பிறகு, முதல் கூட விலை சொன்னவரையே கூப்பிட்டோம். அவர் நிறத்தைப் பற்றிக் கதைக்கவேயில்லை. சுவரைத் தட்டினார், கூரையை அண்ணாந்து பார்த்தார். "பிள்ளையள், பீலி ஒழுகுது. முதல் அதைத் திருத்துங்கோ. சுவர் காயட்டும். தை கழிய வாறன்."

இந்த முறை எல்லாம் எழுதி வாங்கினோம்: எத்தனை சதுர அடி, என்ன பெயின்ற், சுரண்டுறது ஆர் பொறுப்பு, பிறைமர் ஒரு தரம், மேல்பூச்சு இரண்டு தரம், கடைசிப் பங்குக் காசு வேலையைப் பார்த்த பிறகு. அவர் முன்னர் அடித்த கடையொன்றையும் போய்ப் பார்த்தோம். இரண்டு மாரி கண்ட சுவர், அப்படியே இருந்தது.

கஷ்டம் என்னவெண்டால், அதே சனத்திட்டத் திரும்பவும் காசு கேட்டு நிண்டதுதான். கணக்குக் கொப்பியில் இரண்டு செலவையும் அடுத்தடுத்து எழுதி வைத்திருக்கிறோம். அடுத்த நிர்வாகம் பார்க்கட்டும்.