இரண்டு கதவு

எனக்குப் பக்கத்தில் யார் படுத்தாலும் தூக்கம் வராது. கல்யாணமான புதிதில் இதை வாய்விட்டுச் சொல்லி மாமியார் வீட்டில் கெட்ட பெயர் வாங்கியவள் நான். அப்படிப்பட்டவள், கணவரின் தங்கையோடு சேர்ந்து, ஒண்ணேகால் மீட்டர் அகலமுள்ள ஒரு டென்டில் இமயமலையில் படுத்துத் தூங்கினேன். நன்றாகவே தூங்கினேன். அதற்குக் காரணம் மன மாற்றமோ மலைக்காற்றோ இல்லை. டென்டைப் பார்த்து வாங்கியதுதான்.

நாத்தனாரும் நானும் அதுவரை அப்படியொன்றும் நெருக்கமில்லை. பண்டிகைக்கு ஜவுளி எடுக்கும்போது பேசிக்கொள்வோம், அவ்வளவுதான். மணாலி பக்கத்திலுள்ள ஹம்தா கணவாய்க்குப் போக வேண்டும் என்று எனக்கு ஆசை வந்தபோது, "குளிர்ல தரையில படுக்க எனக்கென்ன பைத்தியமா?" என்று வீட்டுக்காரர் ஒதுங்கிக்கொண்டார். பிள்ளைகளுக்குப் பரீட்சை. நாத்தனாருக்கு வங்கியில் விடுப்பு மிச்சம் இருந்தது, முழங்காலும் நன்றாக இருந்தது. "நான் வரட்டுங்களா அண்ணி?" என்று அவளே கேட்டாள். வேறு ஆள் கிடைக்காததால் சரி என்றேன். இதை அவளிடமும் பிற்பாடு சொல்லிவிட்டேன்.

கூட்டமாக அழைத்துப் போகிற நிறுவனங்களில் மூன்று பேரை ஒரே டென்டில் போடுவதும் உண்டு. எனக்கு அது சரிப்படாது. மணாலியில் ஒரு வழிகாட்டியை அமர்த்திக்கொண்டு, சொந்த டென்டைத் தூக்கிப் போவதாக முடிவு செய்தோம். ஆளுக்கு ஒரு சின்ன டென்ட் வாங்கிவிடலாமே என்றுதான் நான் முதலில் நினைத்தேன். ஒருவர் டென்ட் ஒன்று ஏறக்குறைய ஒண்ணேகால் கிலோ வருகிறது. இருவர் டென்ட் ஒண்ணே முக்கால், இரண்டு கிலோ. பங்கு பிரித்தால் ஆளுக்கு ஒரு கிலோவுக்குள். மலையில் சமதரை கிடைப்பதும் பெரும்பாடு, ஒரு டென்டுக்கே இடம் தேட வேண்டியிருக்கும். பக்கத்தில் இன்னொரு உடம்பு இருந்தால் குளிரும் கொஞ்சம் குறையும். ஆகவே ஒன்றுதான் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

பையில் 'இருவர்' என்று அச்சிட்டிருப்பதன் பொருள் கடையில்தான் எனக்கு விளங்கியது. வழக்கமான படுக்கை மேட் ஒன்றின் அகலம் 51 செ.மீ. இரண்டை ஒட்டிப் போட்டால் 102. நல்ல டென்டுகளின் தரை அகலம் 127, 130 என்றிருக்கும். மிச்சமிருக்கிற ஒரு சாணில்தான் கண்ணாடி, டார்ச், தண்ணீர்ப் புட்டி எல்லாம். எடையைக் குறைப்பதற்காகச் சில டென்டுகளில் தலைப்பக்கம் 130 செ.மீ. வைத்துவிட்டு, கால்பக்கத்தை 107 வரை குறுக்கிவிடுகிறார்கள். நீளம் 213 என்று எழுதியிருந்தாலும் சுவர் சரிந்து இறங்குவதால் அத்தனையும் உடம்புக்குக் கிடைக்காது. நாத்தனார் ஐந்தடி எட்டு அங்குலம். காலை நீட்டினால் ஸ்லீப்பிங் பேக்கின் நுனி துணியில் உரசும், அங்கே படிந்திருக்கும் ஈரத்தை அது உறிஞ்சிக்கொள்ளும்.

அதனால் கடையிலேயே டென்டை விரிக்கச் சொல்லி, செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு பேரும் உள்ளே படுத்துப் பார்த்தோம். விற்பனைப் பையன் சங்கடப்பட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான். அந்தப் பத்து நிமிடத்தில் எனக்கு இரண்டு விஷயம் தெரிந்தது. தோளோடு தோள் படுத்தால் அவள் முழங்கை என் விலாவில் இருக்கும். ஒரே கதவு உள்ள டென்டில் சுவரோரம் படுத்திருப்பவர் வெளியே போக வேண்டுமானால் மற்றவரைத் தாண்டித்தான் போக வேண்டும்.

உயரமான இடங்களில் இது சின்ன விஷயம் இல்லை. நாளைக்கு மூன்று நான்கு லிட்டர் தண்ணீர் குடிக்கச் சொல்வார்கள். உயரத்துக்குப் பழகும்போது உடம்பு தானாகவே நீரை அதிகம் வெளியேற்றும். மலைநோய் வராமலிருக்க டயமாக்ஸ் மாத்திரை போட்டிருந்தால் கேட்கவே வேண்டாம். இரவில் இரண்டு மூன்று முறை எழுந்தே ஆக வேண்டும். ஒவ்வொரு முறையும் நாத்தனார் என்னைத் தாண்டுவதை நினைத்துப் பார்த்தேன். பெரியவர்களைத் தாண்டக் கூடாது என்று வளர்க்கப்பட்டவள் அவள், சிறுநீரை அடக்கிக்கொண்டு விடியும்வரை கிடப்பாள். இரு பக்கமும் ஆளுக்கொரு கதவு உள்ள டென்ட் முந்நூறு கிராம் கூடுதல். அவள் எடை குறைந்ததையே வாங்கலாம் என்றாள். பணம் என்னுடையது என்பதால் இரண்டு கதவு வென்றது.

கதவுக்கு வெளியே, வெளித்துணிக்கு அடியில் கொஞ்சம் இடம் கிடைக்கும். நாங்கள் அதைத் திண்ணை என்று சொல்லிக்கொண்டோம். இரண்டு கதவு என்றால் திண்ணையும் இரண்டு. அவள் சேற்று பூட்ஸ் அவள் திண்ணையில், என்னுடையது என் திண்ணையில். கூட்டுக் குடும்பத்தில் இருந்தவர்களுக்கு இதன் அருமையை விளக்க வேண்டியதில்லை.

எடை விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. கம்பெனிக்காரர்கள் இரண்டு எடை போடுவார்கள். ஒன்று உள்துணி, வெளித்துணி, கம்பிகள் மட்டும். இன்னொன்று முளை, கயிறு, பை எல்லாம் சேர்த்து. விளம்பரத்தில் பெரிதாகத் தெரிவது பெரும்பாலும் முதலாவது. முதுகில் ஏறுவது இரண்டாவது. கைத்தடிகளையே கம்பியாக வைத்து நிறுத்துகிற, ஒரு கிலோவைச் சுற்றி எடையுள்ள டென்டுகளும் உண்டு. முளை அடித்து இழுத்துக் கட்டினால்தான் அவை நிற்கும். பாறையும் மணலுமான இடத்துக்குப் போகிற முதல் பயணக்காரர்களுக்கு அவற்றை நான் சொல்ல மாட்டேன். நாங்கள் எடுத்தது அலுமினியக் கம்பி போட்டு, முளை இல்லாமலே தானாக நிற்கிற வகை. விலை குறைந்தவற்றில் வரும் ஃபைபர் கம்பி முறிந்தால் சிம்பு சிம்பாகப் பிளந்து துணியையும் கிழிக்கும்.

வீட்டு மொட்டை மாடியில் ஒத்திகை பார்த்தோம். முளை அடிக்க வழியில்லாததால் கயிற்றைச் செங்கல்லில் கட்டினோம். மாமியார் மேலே வந்து பார்த்துவிட்டு, "வீட்டுக்குள்ள ரெண்டு பேரும் ஒரு ரூம்ல உக்கார மாட்டீங்க, மாடியில குடிசை போட்டாச்சா?" என்றார். இந்த ஒத்திகை வீண்போகவில்லை. எங்கள் டென்டில் முதலில் உள்துணியை நிறுத்த வேண்டும், பிறகுதான் வெளித்துணி. உள்துணியின் மேல்பாதி வெறும் கொசுவலை. மழையில் தடவிக்கொண்டு நின்றால் படுக்கை போடும் முன்பே உள்ளே குளம் கட்டிவிடும்.

ஹம்தா கணவாய் சுமார் 4,270 மீட்டர். டென்டைச் சோதிக்க அதைவிடப் பொருத்தமான பாதை இருக்குமா என்று தெரியவில்லை. தெற்கே குலு பக்கம் ஜூலையில் மழையும் பசுமையும். கணவாயைத் தாண்டினால் லாஹுல், மழை மறைவுப் பகுதி, வறண்ட கல்லும் காற்றும். ஒரே நடையில் இரண்டு தேசம்.

சிக்கா முகாமில் முதல் இரவு விடாமல் தூறல். விடியற்காலை நாத்தனார் எழுப்பினாள். "அண்ணி, தலைமாட்டுல தண்ணி சொட்டுதுங்க. ஏமாத்திட்டாங்க, ஒழுகுது." ஒழுகவில்லை. வெளித்துணியின் உட்புறம் முழுக்க முத்து முத்தாகத் தண்ணீர். அது எங்கள் மூச்சு. இரண்டு பேர் ஓர் இரவில் மூச்சாலும் தோலாலும் வெளியேற்றுகிற நீர் ஏறக்குறைய அரை லிட்டர். குளிருக்குப் பயந்து காற்றுத் திறப்புகளை எல்லாம் மூடியிருந்தோம். போக வழியில்லாத ஈரம் குளிர்ந்த துணியில் பட்டு நீராகிவிட்டது. மழை பெய்தாலும் மேல் திறப்பை மூடக் கூடாது. வெளித்துணியை உள்துணியில் படாமல் விறைப்பாக இழுத்துக் கட்ட வேண்டும். நைலான் துணி நனைந்தால் தொய்யும், ஆகவே படுக்கப் போகும் முன் கயிற்றை இன்னொரு முறை இழுக்க வேண்டும். பாலியஸ்டர் அவ்வளவு தொய்யாது. மிச்ச ஈரத்தை ஒற்றி எடுக்க எங்கள் ஊர் ஈரிழைத் துண்டுக்கு ஈடு எதுவும் இல்லை. விலை உயர்ந்த மைக்ரோஃபைபர் துண்டு வைத்திருந்த ஒரு வெளிநாட்டுக்காரர் எங்களுடையதைக் கேட்டு வாங்கிப் பார்த்தார்.

அடியில் விரித்த தார்பாலின் டென்டைவிட ஒரு சாண் வெளியே நீட்டிக்கொண்டிருந்ததை வழிகாட்டி பார்த்து மடித்துவிட்டார். நீட்டிக்கொண்டிருக்கும் விளிம்பு மழையைப் பிடித்து நேராக முதுகுக்கு அடியில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். தரைத்துணியின் நீர் தாங்கும் திறன் 3,000 மி.மீ. என்று எழுதியிருந்தாலும், முழங்காலை ஊன்றினால் அந்த இடத்தில் அழுத்தம் எகிறி ஈரம் கசியலாம்.

அடுத்த முகாமான பாலு கா கேராவில் ஆற்றோரம் அழகான புல்தரை. நாத்தனார் அங்கேதான் போட வேண்டும் என்றாள். வழிகாட்டி கொஞ்சம் மேடான, பார்வைக்குச் சுமாரான இடத்தைக் காட்டினார். குளிர்ந்த காற்று கனமானது, இரவில் சரிந்து இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். ஆற்றோரத்தில் பனியும் ஈரமும் அதிகம்.

அங்கேதான் தோள் பிரச்சினை முற்றியது. ஒருவர் தலைப்பக்கம் மற்றவர் கால் வருமாறு மாற்றிப் படுத்தால் இருவருக்கும் தோளுக்கு இடம் கிடைக்கும். எங்கள் டென்டின் தரை குறுகாத நீள்சதுரம் என்பதால் அது முடியும். கால்பக்கம் குறுகுகிற டென்டில் முடியாது. நாத்தனார் ஒரேயடியாக மறுத்தாள். "உங்க மூஞ்சிக்கு நேரா கால நீட்டிட்டுப் படுக்கறதா? எங்கம்மாவுக்குத் தெரிஞ்சா கொன்னே போடுவாங்க." பெரியவள் சொல்கிறேன், படு என்று அதட்டிய பிறகுதான் படுத்தாள். அதுவும் என் தோளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, பிறகு காலை நீட்டினாள். மீதி இரவுகளிலும் அதே சடங்கு. நான் சிரிக்கவில்லை. அவள் இரவில் எத்தனை முறை தன் கதவைத் திறந்து போனாள் என்பதும் எனக்குத் தெரியாது. தூங்கிவிட்டேன். வீட்டைவிட அங்கே நன்றாகத் தூங்கினேன் என்பதை என் வீட்டுக்காரர் இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்ளப் போகிறார்.

கணவாய்க்கு அப்பால் ஷியா கோருவில் காற்று. முளை இறங்காத கல்தரை. கயிறுகளைக் கனமான கற்களில் சுற்றி, டென்டின் குறுகிய பக்கத்தைக் காற்றுக்கு நேராக வைத்தோம். கம்பிகள் வளைந்து கொடுத்தன, முறியவில்லை. முறிந்தால் மேலே செருகிக் கட்ட விரல் நீளக் குழாய்த் துண்டு ஒன்று கூடவே வரும். அதை வீட்டில் விட்டுவிட்டுப் போகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

காற்றுச் சத்தத்தில் தூங்க முடியாதபோது எவரெஸ்ட் ஏறிய டென்சிங், ஹிலாரி கதையை நாத்தனாருக்குச் சொன்னேன். 1953 மே 28 இரவு, சுமார் 8,500 மீட்டரில், சரிவை இரண்டு படியாக வெட்டி அதன்மேல் ஒரே டென்டைப் போட்டு, மேற்படியில் ஒருவர் கீழ்ப்படியில் ஒருவர் என்று கிடந்தார்கள். காலையில் ஹிலாரியின் பூட்ஸ் உறைந்து கல்லாகிவிட்டது. அடுப்பில் காட்டித்தான் இளக்கினார். பூட்ஸை ஒரு பையில் போட்டு உள்ளே வைத்துக்கொள்ள வேண்டும் என்ற பாடத்தை மட்டும் இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். அடுப்பு வேண்டாம். மூடிய டென்டுக்குள் அடுப்பு எரித்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். வாசனையே இல்லாமல் ஆளைக் கொல்லும்.

ஊர் திரும்பியதும் செய்ய வேண்டியது ஒன்றுதான்: ஈரம் துளியும் இல்லாமல் நிழலில் காய வைப்பது. துணியின் உட்புறம் பூசியிருக்கும் பாலியூரித்தேன் ஈரத்தில் சிதைந்து பிசுபிசுக்கும், நாற்றமடிக்கும். அப்புறம் அதை மீட்க முடியாது. நம் ஊர் பரண் புழுக்கத்துக்கு இரண்டு மழைக்காலம் போதும். சொந்தக்காரர் ஒருவரின் டென்ட் அப்படித்தான் போனது, விரித்தால் பழைய பலகாரத் தாள் மாதிரி ஒட்டிக்கொண்டு வந்தது.

டென்ட் கையில் இருப்பதனாலேயே எங்கும் போட்டுவிட முடியாது. உத்தராகண்டின் புக்யால் புல்வெளிகளில் இரவு தங்குவதை அம்மாநில உயர் நீதிமன்றம் 2018-இல் தடை செய்தது. தமிழ்நாட்டில் வனத்துறை அனுமதி இல்லாமல் காட்டுக்குள் கால் வைக்கவே முடியாது. முதல் முறை போகிறவர்கள் மணாலியில் வாடகைக்கு எடுப்பதே உத்தமம். பிறகும் ஆசை மிச்சமிருந்தால் வாங்கலாம்.

வாங்கப் போகும்போது தனியாகப் போகாதீர்கள். கூடப் படுக்கப் போகிறவரையும் அழைத்துப் போய், இரண்டு பேரும் படுத்துப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். படுத்துப் பார்க்க விடாத கடையில் வாங்காதீர்கள்.