முள் வைக்கும் கை

எல்பியிலிருந்து கேசட்டுக்குப் பாட்டு மாற்றும் வேலையைச் சென்னையில் ஒரு ரெக்கார்டிங் சென்டரில் கற்றுக்கொண்டேன். கடைக்குச் சோறு போட்டது சினிமாப் பாட்டுதான். பிடித்த பாட்டுகளைச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். வரிசையாகப் போட்டுக் கொடுத்தால் போதும். ராக் ரசிகர்கள் வேறு ரகம். வெளிநாட்டிலிருந்து உறவினர் வாங்கிவந்த தட்டை உறையோடு நெஞ்சில் அணைத்துக்கொண்டு வருவார்கள். ஆல்பம் முழுவதும், வரிசை மாறாமல் வேண்டும் அவர்களுக்கு. அவர்கள் வந்தால் முதலாளி அண்ணனே எழுந்து வருவார். எங்களைத் தொட விடமாட்டார். பக்கத்தில் நின்று பார்க்கலாம்.

அப்படிப் பார்த்தே கற்றோம். தட்டை ஓரத்திலும் லேபிளிலும் மட்டும்தான் பிடிப்பார். வெல்வெட் பிரஷை வரியோடு சுற்றி ஓட்டுவார், குறுக்கே இழுக்கமாட்டார். முள்ளைப் பின்னாலிருந்து முன்னால் மட்டும் துடைப்பார். டெக்கின் ஹெட்டை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்து, அது காயும்வரை கேசட்டை உள்ளே போடமாட்டார். யாராவது அவசரப்படுத்தினால், "அடுத்த வாரம் வாங்க சார்" என்று தட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

பதிவு லெவல் வைப்பதில்தான் புதியவர்கள் தடுமாறுவார்கள். 1971-இல் வந்த லெட் செப்பலினின் நான்காவது ஆல்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டு 'ஸ்டெயர்வே டு ஹெவன்', எட்டு நிமிடம். ஒற்றைக் கிட்டாரில் மெல்லத் தொடங்கும். அதற்கேற்ப லெவலை ஏற்றிவைத்தால், முடிவில் டிரம்ஸும் மின்கிட்டாரும் குரலும் சேர்ந்து எழும்போது மீட்டர் சிவப்பிலேயே ஒட்டிக்கொள்ளும். டேப்பில் ஒலி கிழியும். நடுவில் குமிழைத் திருகிக் குறைக்கவும் கூடாது. படிப்படியாக ஏறுவதுதானே அந்தப் பாட்டு! அண்ணன் முதலில் பாட்டின் கடைசிப் பகுதியைப் போட்டு, அங்கே லெவலைக் கட்டிவிட்டுத்தான் ஆரம்பத்துக்கு வருவார்.

அதே பாட்டில் இன்னொரு சோதனையும் உண்டு. தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்று சீராகச் சுற்றினாலும், வெளி ஓரத்தில் முள்ளின் கீழே நொடிக்குச் சுமார் 50 சென்டிமீட்டர் வரி ஓடும். லேபிள் அருகே அதில் பாதிகூட இருக்காது. உச்சச் சத்தம் வந்து விழுவது அந்த நெருக்கடியான இடத்தில். கார்ட்ரிட்ஜின் கோணம் இம்மி தவறினாலும் குரலில் 'ஸ', 'ஷ' எல்லாம் கரகரக்கும். டர்ன்டேபிளைச் சரிபார்க்க இன்றும் அந்த இடத்தைத்தான் போட்டுக் கேட்கிறேன்.

பிங்க் ஃபிளாய்டின் 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' (1973) ஏறக்குறைய 43 நிமிடம். சி-90 கேசட்டின் ஒரு பக்கத்தில் முழுதாக அடங்கிவிடும். ஆனால் எல்பியில் 'தி கிரேட் கிக் இன் தி ஸ்கை' முடிந்ததும் எழுந்துபோய்த் தட்டைத் திருப்ப வேண்டும். அந்தப் பாட்டின் பெண் குரல் அடங்கி, 'மணி' பாட்டின் காசுச் சத்தம் தொடங்குமுன் கேட்பவருக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கும். அண்ணன் அந்த இடத்தில் கொஞ்ச நேரம் வெறும் டேப்பை ஓடவிடுவார். யாரும் அவரிடம் கேட்டதில்லை; அவராகவே செய்தது.

இப்போது அதே தட்டுகள் கணினிக்கு மாற்ற வருகின்றன. போனிலேயே எல்லாம் கிடைக்கும். ஆனாலும் தன் தட்டின் ஒலிதான் வேண்டும் என்பவர்கள் இருக்கிறார்கள். என்னிடம் கற்றுக்கொள்ள வந்த தம்பி ஒருவன், டார்க் சைடின் தொடக்கத்தில் ஒன்றுமே இல்லை என்று வெட்டிவிட்டான். மிக மெல்லிய இதயத்துடிப்பு அங்கே எழுந்து வருவதை ஹெட்போன் மாட்டிக் காட்டினேன். அடுத்து, கிளிக் நீக்கும் மென்பொருளைத் தாராளமாக ஓட்டினான். 'டைம்' பாட்டின் கடிகாரங்கள் கூர் மழுங்கிப்போயின. கீறலையும் கடிகாரத்தையும் பிரித்தறிய மென்பொருளுக்குத் தெரியாது. அலைவரைவைப் பெரிதாக்கி, காதும் கண்ணும் வைத்து, கீறலை ஒவ்வொன்றாகக் கையால்தான் எடுக்க வேண்டும்.

பீட்டில்ஸின் 'அபே ரோட்' (1969) இரண்டாம் பக்கம் போல ஒன்றுக்குள் ஒன்று பாயும் பாட்டுகளை எம்பி3 கோப்புகளாக நறுக்காதீர்கள். ஒவ்வொரு முனையிலும் துளி மௌனம் சேர்ந்துகொண்டு ஓட்டத்தைத் தடுக்கும். நான் ஒரு பக்கத்தை ஒரே ஃபிளாக் கோப்பாகத்தான் கொடுக்கிறேன். கலைத்துப் போட்டுக் கேட்கும் பிள்ளைகள்மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் இந்த ஆல்பங்கள் அப்படிக் கேட்கச் செய்யப்பட்டவை அல்ல.

இந்த வேலைக்கு வர நினைக்கும் தம்பி, தங்கைகளிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். மாற்றி முடித்த பக்கத்தை ஒப்படைக்குமுன் போனை அணைத்துவிட்டு, தொடக்கத்திலிருந்து ஒருமுறை உட்கார்ந்து கேளுங்கள். இருபது நிமிடம்தான்.