கணக்கும் காற்றும்

"ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது" என்பது நம் முன்னோர் வாக்கு. ஆனால் விமானம் கட்டுவோர் முதலில் ஏட்டில்தான் இறக்கையை வரைகின்றனர். இன்று கணினியிலேயே அதைப் பறக்கவிட்டும் பார்க்கின்றனர். அப்படியானால் ஏட்டுக் கணக்கை எவ்வளவு தூரம் நம்பலாம்? இக்கேள்விதான் எங்கள் அறிவியல் மன்றத்தை மரக்காணம் உப்பளங்களுக்கு இழுத்துச் சென்றது.

இறக்கை விமானத்தைத் தூக்குகிறது என்பதை யாவரும் அறிவோம். அது விமானத்தைத் திருப்பவும் முயல்கிறது என்பதைப் பலர் அறியோம். காற்றின் விசை இறக்கையில் எந்த இடத்தில் செயல்படுகிறதோ, அதைப் பொறுத்து விமானத்தின் மூக்கு மேலே எழும். அல்லது கீழே கவிழும். நம் பாடநூலில் வரும் 'விசையின் திருப்புத்திறன்' இதுவே. இதில் பிழை நேர்ந்தால் விமானியின் உயிருக்கே ஆபத்து அன்றோ!

மெல்லிய தட்டை இறக்கையைச் சிறு கோணத்தில் காற்றுக்குக் காட்டினால், முன்விளிம்பிலிருந்து கால் பங்குத் தொலைவில் விசை செயல்படும் என்பது கணக்கு. நாங்கள் 12 செ.மீ. அகலமும் 30 செ.மீ. உயரமும் உள்ள அட்டையை எடுத்தோம். முன்விளிம்பிலிருந்து 4 செ.மீ. தள்ளி, காலியான பேனா ரீஃபில்களை மேலும் கீழுமாக ஒட்டினோம். அவற்றினுள் குடைக்கம்பியை நுழைத்து உப்பள வரப்பில் நட்டோம். அட்டை கதவுபோல் சுழன்றது.

கணக்கின்படி விசை 3 செ.மீ.யில், அச்சு 4 செ.மீ.யில். ஆகவே விசை முன்விளிம்பை மேலும் மேலும் ஒதுக்கித் தள்ள, அட்டை முழுதும் திரும்பிவிட வேண்டும். பிற்பகலில் கடற்காற்று எழுந்தது. அட்டை திரும்பியது, ஆனால் வழியிலேயே சாய்ந்து நின்றுவிட்டது! சற்றே தள்ளினாலும் பழைய சாய்வுக்கே வந்தது. பாகைமானியால் பத்து முறை அளந்தோம். எண்கள் 20 பாகைக்கும் 30 பாகைக்கும் இடையே ஆடின.

காரணத்தை எங்கள் சிஸ்டர் விளக்கினார். சாய்வு மிகும்போது காற்று அட்டையின் பின்பக்கத்தைத் தழுவாமல் பிரிகிறது. விசை செயல்படும் இடமும் பின்னோக்கி நகர்கிறது. அது அச்சை அடைந்ததும் திருப்புத்திறன் சுழியாகிறது. கணக்கு பொய்யன்று, 'சிறு கோணம்' என்னும் அதன் எல்லையைக் காற்று தாண்டிவிட்டது.

அருகில் உப்பு வாரிக்கொண்டிருந்த அக்கா சிரித்தார். "இத்தனை நாள்ல உப்பு விளையும்னு நாங்களும் கணக்குப் போடுவோம். ஆனா தண்ணி 25 டிகிரி காட்டினாத்தான் உப்பு" என்றார்.

எல்லைக்குள் கணக்கு எவ்வளவு நேர்த்தி! 23012 என்ற எண்ணால் அறியப்படும் இறக்கை வடிவத்திற்குத் திருப்புத்திறன் குணகம் கணக்கில் -0.0127, சோதனையில் அளந்தது -0.01. மாதிரி இறக்கைமேல் காற்றைச் செலுத்தி அளக்கும் கூடமே காற்றுச் சுரங்கம். பெங்களூரில் 1967-இல் 1.2 மீட்டர் காற்றுச் சுரங்கம் அமைந்தது. நம் தேஜஸ் விமானம், கணினி இடைவிடாது கட்டுப்படுத்தாவிட்டால் மூக்கு நிலைகொள்ளாதவாறு, வேண்டுமென்றே வடிவமைக்கப்பட்டது. கணக்கையும் அளவையும் ஒப்பிட்ட பின்னரே 2001 ஜனவரி 4 அன்று அது முதன்முதலாக வானேறியது.

கர்னாலில் பிறந்த கல்பனா சாவ்லா, 1988-இல் நாஸாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்தில் சேர்ந்து, விமானத்தைச் சுற்றி ஓடும் காற்றைக் கணினியில் கணக்கிட்டவர். 2003 பிப்ரவரி 1 அன்று கொலம்பியா விண்கலத்தில் அவரும் தோழர் அறுவரும் மாண்டனர். புறப்பட்டபோது நுரைத் துண்டொன்று இறக்கையில் மோதியது முன்பே தெரியும். ஆயினும் மிகச் சிறிய துண்டுகளின் சோதனையிலிருந்து பிறந்த கணக்கு முறையைக் கொண்டு ஆராய்ந்து, ஆபத்தில்லை என முடிவு செய்தனர். ஜூலை 7 அன்று உண்மையான இறக்கைப் பகுதிமேல் நுரையை எய்து சோதித்தபோது, ஏறத்தாழ 40 செ.மீ. அகலத் துளை விழுந்தது. அந்த அளவீடு முன்பே கிடைத்திருந்தால்!

தோழியரே, ஏட்டைப் பழிக்க வேண்டாம். ஏட்டோடு நின்றுவிடவும் வேண்டாம். கணக்கின் எல்லை எதுவென்று கேட்டு, அதற்கப்பால் அளந்து பார்ப்போம். அடுத்து அச்சை 3, 4, 5 செ.மீ.யில் மாற்றி வைத்து வரைபடம் வரையப் போகிறோம். ஒன்பதாம் வகுப்புத் தங்கையரே, பாகைமானியுடன் வாருங்கள்!

— அறிவியல் மன்றத்தார், பத்தாம் வகுப்பு