அது புழு இல்லை

ஒரு பழைய தவறை ஒப்புக்கொள்ளவே இந்தப் பதிவு.

1991 ஏப்ரல். எங்கள் புதுக்கோட்டைப் பக்கம் கண்மாய்களில் மீன்பிடித் திருவிழா நடக்கும் காலம். ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன் ஊத்தாவில் பிடித்த கட்லா மீனை வகுப்புக்கே கொண்டுவந்துவிட்டான். செதில் நடுவே சிவந்த புண். அதிலிருந்து நூல் போல ஒன்று தொங்கியது. நுனியில் இரண்டு சிறிய பைகள்.

"ஐயா, இது புழு இல்லீங்க. இறாலுக்கு இருக்குற மாதிரி சினை இருக்கு" என்றான்.

"புழுவைப் புழுன்னு சொல்லுடா. நாத்தத்தை வெளியே போடு" என்றேன். வகுப்பே சிரித்தது. அதன்பின் அவன் என்னிடம் கேள்வி கேட்டதே இல்லை.

சென்ற வாரம் வாங்கிய கட்லாவிலும் அதே நூல். மீன்வளக் கல்லூரியில் படிக்கும் என் அண்ணன் பேத்தி வீட்டில் இருந்தாள். இழுக்கப் போனேன். "இழுக்காதீங்க சின்னத் தாத்தா, தலை உள்ளேயே நின்னுரும்" என்று சதையோடு வெட்டி எடுத்துக் காட்டினாள்.

பெயர் லெர்னியா. நங்கூரப் புழு என்பார்கள். ஆனால் இறால், நண்டு இனத்தைச் சேர்ந்தது. குளத்து நீரில் துள்ளும் சைக்ளோப்ஸுக்கு நெருங்கிய சொந்தம். தலையில் கொம்புகள் கிளைவிட்டு, நங்கூரம் போல மீனின் சதைக்குள் மாட்டிக்கொள்ளும். வெளியே தெரிவது உடலும் இரண்டு முட்டைப் பைகளும்தான். சிறு வயதில் நீந்திய நான்கு ஜோடிக் கால்களும் இன்னும் உடலில் உண்டு. உடல் நீண்டதே தவிர, கால்கள் வளரவில்லை, நுண்ணோக்கியில்தான் தெரியும். மீனைத் துளைப்பது பெண் மட்டுமே. இணைசேர்ந்தபின் ஆண் இறந்துவிடும்.

(நன்றாக வேகவைத்த மீனால் நமக்குக் கெடுதல் இல்லை. பயப்பட வேண்டாம்.)

1758இல் லின்னேயஸும் இதைப் புழுக்களோடுதான் சேர்த்தார். அவருக்கு எடுத்துச் சொல்ல ஆள் இல்லாமல் இருந்திருக்கலாம். எனக்கு ஒருவன் சொன்னான், நான் கேட்கவில்லை.

தம்பி, உன் பெயரை இங்கே போடவில்லை. படித்தால் உனக்கே தெரியும். அன்று நீ சொன்னதுதான் சரி. உன் ஐயாவை மன்னித்துவிடு. ஊருக்கு வந்தால் வீட்டுக்கு வா.

இன்று ஆசிரியராக இருக்கும் என் பிள்ளைகளே, மாணவன் எதையாவது கையில் கொண்டுவந்தால், நாறினாலும் ஒரு நிமிடம் குனிந்து பாருங்கள்.