வைஃபைக்கு ஒரு பூட்டு

பொட்டி தட்டுற வேலைன்னு சொந்தக்காரங்களுக்குத் தெரிஞ்சா போதும், பிரிண்டர்ல இருந்து டிவி ரிமோட் வரைக்கும் நம்ம தலையிலதான். அதுல அடிக்கடி வர்ற கேஸ் வைஃபை. "அதான் பாஸ்வேர்ட் போட்டிருக்கே தம்பி, அப்புறம் என்ன?" என்பார்கள். அப்புறம் நிறைய இருக்கு மக்களே...

முதல்ல கொஞ்சம் பழங்கதை. 1997ல் வந்த முதல் பூட்டுக்குப் பேரு டபிள்யூஇபி. 2001லேயே அதோட ஓட்டையைக் கண்டுபிடிச்சுட்டாங்க. 2007ல் ஒரு நிமிஷத்துக்குள்ள உடைச்சுக் காட்டினாங்க. அதுக்குப் பதிலா 2003ல் டபிள்யூபிஏ, 2004ல் டபிள்யூபிஏ2, 2018ல் டபிள்யூபிஏ3 வந்தது. உங்க ரவுட்டர்ல மூணு இருந்தா அதைப் போடுங்க. பழைய போன் ஒத்துக்கலைன்னா ரெண்டு, அதுலயும் ஏஇஎஸ்.

ஆனா பூட்டு நல்லா இருந்து என்ன பண்ண, சாவி வாசல் மிதியடிக்குக் கீழ இருந்தா?

எங்க அப்பா வச்சிருந்த பாஸ்வேர்ட் அவரோட மொபைல் நம்பர். டபிள்யூபிஏ2ல ஒரு போன் ரவுட்டரோட கைகுலுக்குறதை வெளியில நின்னு பதிவு பண்ணிக்கிட்டா போதும். அப்புறம் வீட்டுக்குப் போய் சாவகாசமா ஒவ்வொரு பாஸ்வேர்டா போட்டுப் பாக்கலாம், ரவுட்டருக்கே தெரியாது. நம்ம ஊர் மொபைல் நம்பர் 6, 7, 8, 9ல்தான் ஆரம்பிக்கும். ஆக மொத்தம் 400 கோடி. கேக்கத்தான் பெருசு, ஒரு நல்ல கிராஃபிக்ஸ் கார்டுக்கு சில மணி நேர வேலை. சம்பந்தமில்லாத நாலஞ்சு வார்த்தைகளைக் கோத்து நீளமா வச்சா பொழைச்சோம். 63 எழுத்து வரைக்கும் இடம் இருக்கு.

போன தடவை திருநெல்வேலி போனப்ப இதையெல்லாம் மாத்த உக்காந்தேன். ரவுட்டர்ல யார் யார் இருக்காங்கன்னு பாத்தா பதினாலு பேர்! வீட்டுல இருக்கறதோ ரெண்டு பேர், ரெண்டு போன், ஒரு டிவி.

"பக்கத்து வீட்டுப் பையன் பரீட்சைக்குப் படிக்கான்ல. அவன் கூட்டாளிகளும் வருவாங்க. தண்ணி கேட்டா கொடுக்க மாட்டோமா?"

2008 ஜூலையில் அகமதாபாத் குண்டுவெடிப்பு நடந்த கதையைச் சொன்னேன். வெடிக்கறதுக்குச் சில நிமிஷம் முன்னாடி டிவி சேனல்களுக்கு ஒரு மெயில் போச்சு. போலீஸ் தேடிப் போய் நின்னது நவி மும்பையில குடியிருந்த ஒரு அமெரிக்கர் வீட்டு வாசல்ல. அவரோட வைஃபையை யாரோ உபயோகிச்சிருந்தாங்க. எத்தனை பேர் உள்ள இருந்தாலும் வெளியில தெரியற முகவரி ஒண்ணுதான், அது வீட்டுக்காரர் பேர்லதான் இருக்கும்.

அப்பா கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "அதுக்காக அந்தப் பயலப் படிக்காதேங்கச் சொல்லுதியாக்கும்?"

இதுக்கு என்கிட்ட பதில் இல்லை. கெஸ்ட் நெட்வொர்க்னு ஒண்ணு திறந்தேன். தனிப் பேரு, தனி பாஸ்வேர்ட். அதுல வர்றவங்களுக்கு இணையம் கிடைக்கும், அப்பாவோட போனோ டிவியோ கண்ணுல படாது. ஆனா போலீஸ் விஷயத்துக்கு இது மருந்து இல்லை. அங்கயும் அதே முகவரிதான். அதை அப்பாகிட்ட மறைக்காம சொன்னேன்.

"அவன தூக்கி வளத்தவன் நான். அவனுக்கு மட்டும் கொடு. கூட்டாளிங்களுக்கு வேண்டாம்" என்றார். மாசா மாசம் காலண்டர் தாள் கிழிக்கும்போது அந்த பாஸ்வேர்டை மாத்தறது அவர் பொறுப்பு. பையன் வந்து வாங்கிக்கிட்டு, காபியும் குடிச்சுட்டுப் போறான்னு அம்மா சொன்னாங்க. எந்த ரவுட்டரும் தராத பாதுகாப்பு அது!

மிச்சத்தைச் சுருக்கமா சொல்லிடறேன். ரவுட்டருக்குள்ள நுழையற அட்மின் பாஸ்வேர்ட் வேற, வைஃபை பாஸ்வேர்ட் வேற. ரெண்டையும் மாத்துங்க. டபிள்யூபிஎஸ் பின் நம்பரை அணைச்சிடுங்க. எட்டு இலக்கம்னு பேரு, ரெண்டு பாதியா சரிபாக்கறதால 11,000 தடவை முயற்சி பண்ணாலே போதும்னு 2011லேயே வெளிவந்தாச்சு. வைஃபை பேரை ஒளிச்சு வைக்கறது வீண் வேலை, உங்க போனே அந்தப் பேரைக் கூவிக்கிட்டுத் திரியும். அப்டேட் வந்தா போட்டுடுங்க.

எல்லாம் சேத்து அரை மணி நேரம். ஞாயித்துக்கிழமை சாப்பாட்டுக்கு முன்னாடி முடிச்சுடலாம். ரவுட்டர்ல எத்தனை பேர் இருக்காங்கன்னு மட்டும் முதல்ல எண்ணிப் பாருங்க.